பெருஞ்செல்வர் எங்கோ இருக்கிறார், அவருடைய காகிதம் எபேனில் இருக்கிறது

வாசகர் கேள்வி, 24 நவம்பர் 2025

ஜோகன்னஸ்பர்க்கில் ஜி20 மாநாடு முடிந்ததிலிருந்து எங்கு பார்த்தாலும் ஏற்றத்தாழ்வு என்றே பேச்சாக இருக்கிறது. நம் மொரிஷியஸ் 12 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சிறிய தீவு. எலான் மஸ்க்கிடம் 50,000 கோடி டாலர் இருந்தால் ரோஸ் ஹில்லில் என் வீட்டு அடுப்பு எரியாமல் போய்விடுமா? அவர் சம்பாதித்தார், வைத்திருக்கிறார். இதைக் குறை சொல்வது பொறாமை அல்லாமல் வேறு என்ன?

25 நவம்பர் 2025, இரவு

பொறாமைப்படுவதற்கு அவருடைய வாழ்க்கை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எனவே அதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாநாட்டுக்கு முன்பாக, தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா கேட்டுக்கொண்டதன் பேரில், பொருளியல் அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் தலைமையில் ஒரு வல்லுநர் குழு அறிக்கை அளித்தது. 2000 முதல் 2024 வரை உலகில் புதிதாகச் சேர்ந்த செல்வத்தில் 41 விழுக்காடு மேலே உள்ள 1 விழுக்காட்டினரிடம் போய்ச் சேர்ந்தது. கீழே உள்ள சரிபாதி மக்களுக்குக் கிடைத்தது 1 விழுக்காடு. கால் நூற்றாண்டு உழைப்பின் பங்கீடு இது.

ஆனால் தொகையைக் காட்டிலும் அந்தத் தொகை எதை வாங்குகிறது என்பதுதான் என் கவலை. மஸ்க் 1971இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர், ஒரு வகையில் நம் கடல் வட்டாரத்துக்காரர். 2022இல் 4,400 கோடி டாலருக்கு டுவிட்டரை வாங்கினார். 2024 அமெரிக்கத் தேர்தலில் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். 2025 தொடக்கத்தில் அரசுத் துறைகளைக் குறைக்கும் குழுவை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டு நடுவில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமை மூடப்பட்டது. அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்த தென்னாப்பிரிக்க எச்.ஐ.வி. மருத்துவத் திட்டங்கள் ஊழியர்களை இழந்தன. அந்தத் தேர்தலின் வாக்குச் சீட்டில் அவர் பெயர் எங்குமே இல்லை. உங்கள் அடுப்பு எரிகிறது என்பது உண்மைதான். நம்மிடமிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் உள்ள ஒரு நாட்டில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றவருக்கு இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பீர்கள்?

27 நவம்பர் 2025

"அது அமெரிக்கா, இங்கே அப்படியெல்லாம் நடக்காது" என்று கியூர்பிப்பில் இருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, இங்கே நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே நம்மிடம் வழி இல்லை. கட்சிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒழுங்குபடுத்தும் மசோதா 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, தேவையான முக்கால் பங்கு வாக்கு கிடைக்காமல் வீழ்ந்தது. நான் படித்த பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் "அரசியல் நன்கொடை" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை இருக்கும். எந்தக் கட்சிக்கு என்று இருக்காது. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சேர்த்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

28 நவம்பர் 2025

மஸ்க்கைப் பற்றி எழுதுவது எளிது, எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எபேனில், நிதி நிறுவனங்கள் நிறைந்த நம் அலுவலக நகரில், வெளிநாட்டாரின் நிறுவனங்களை நடத்திக் கொடுக்கும் ஒரு நிர்வாக நிறுவனத்தில், நிறுவனச் செயலர் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்காக 1992இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தொழில் இது. வெளிநாட்டுச் செல்வர் ஒருவர் இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ முதலீடு செய்ய நினைத்தால், பெரும்பாலும் தம் பெயரில் செய்வதில்லை. இங்கே ஒரு நிறுவனம் பதிவாகும். அந்த நிறுவனத்தின் பங்குகள் ஒரு டிரஸ்டின் கையில் இருக்கும், டிரஸ்டின் பயன் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். நிறுவனம் இங்கிருந்துதான் நிர்வகிக்கப்படுகிறது என்று காட்ட, இங்கே குடியிருக்கும் இரண்டு இயக்குநர்கள் வேண்டும், முதன்மை வங்கிக் கணக்கு இங்கே வேண்டும், கணக்குப் புத்தகங்கள் இங்கே இருக்க வேண்டும், இயக்குநர் கூட்டம் இங்கிருந்து நடக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. பல நேரங்களில் கூட்டம் கூடுவதற்கு முன்பே வரைவு தயாராகிவிடும். "இயக்குநர்கள் விரிவாக விவாதித்தபின்" என்ற சொற்றொடரை நான் எத்தனை கோப்புகளில் தட்டச்சு செய்திருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

இவ்வளவு சிரமம் ஏன்? 1982இல் இந்தியாவும் மொரிஷியசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இந்திய நிறுவனப் பங்கை விற்று வரும் இலாபத்துக்கு வரி போடும் உரிமை, விற்பவர் எந்த நாட்டவரோ அந்த நாட்டுக்கே உரியது. விற்பவர் நம் நாட்டு நிறுவனம், நம் நாட்டிலோ மூலதன இலாப வரியே கிடையாது. ஆகவே அந்த இலாபத்துக்கு இரண்டு நாடுகளிலும் வரி இல்லாமல் போயிற்று. இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது, வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய நம் தீவுதான். இந்திய உச்ச நீதிமன்றம் 2003இல் இந்த ஏற்பாட்டைச் செல்லும் என்றது. 2016 மே மாதத்தில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி போடுகிறது.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. நான் சொல்ல வந்ததே அதைத்தான். பெருஞ்செல்வர் சட்டத்தை உடைப்பதில்லை. எந்த நாட்டின் எந்த வரிக்கும் அகப்படாத இடத்தில் செல்வத்தை நிறுத்திவைக்கும் உரிமையைச் சட்டத்தின் வழியாகவே பெறுகிறார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த உரிமை இல்லை. பிடித்தம் போகத்தான் அவர் சம்பளம் கைக்கு வருகிறது.

28 நவம்பர் 2025, பிற்பகல்

"ஒரு நாள் விற்கத்தானே வேண்டும், அப்போது வரி கட்டுவார்களே" என்று கேட்ட தம்பிக்கு: விற்கவே மாட்டார்கள். பங்கை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கி வாழ்வார்கள். கடன் வருமானம் அல்ல, ஆகையால் அதற்கு வருமான வரி இல்லை. பங்கின் மதிப்பு கடன் வட்டியைவிட வேகமாக ஏறும் வரை இது ஓடும். இறந்தபின், அமெரிக்கச் சட்டப்படி, வாரிசுகளுக்கு அந்தப் பங்கு அன்றைய மதிப்பில் வந்து சேரும். அதுவரை ஏறிய இலாபத்துக்கு வருமான வரி அழிந்துபோகும். 2021இல் வெளியான அமெரிக்க வரி ஆவணங்களின்படி, அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2007இலும் 2011இலும் கூட்டாட்சி வருமான வரியாக ஒரு சல்லியும் கட்டவில்லை. நீங்களும் நானும் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

1 டிசம்பர் 2025

நேற்று சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்பு. 5 கோடி பிராங்குக்கு மேற்பட்ட பரம்பரைச் சொத்துக்கும் கொடைக்கும் 50 விழுக்காடு வரி போடலாமா என்று கேட்டார்கள். சுமார் 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். இதைச் சுட்டி, "பார்த்தீர்களா, மக்களே வேண்டாம் என்கிறார்கள்" என்று ரோஸ் ஹில் நண்பர் மகிழ்ந்திருக்கிறார்.

மகிழட்டும். ஆனால் அதே சுவிட்சர்லாந்தில் மாநிலங்கள் ஆண்டுதோறும் செல்வ வரி வாங்குகின்றன, நூறாண்டுக்கும் மேலாக வாங்குகின்றன. அந்த வரியை யாரும் எடுத்துவிடவில்லை, நாடும் காலியாகிவிடவில்லை. வாக்கெடுப்புக்கு முன்பு செல்வர்கள் வெளியேறிவிடுவார்கள் என்ற எச்சரிக்கைதான் எல்லா இடத்திலும் ஒலித்தது. போய்விடுவேன் என்று சொன்னாலே அரசு நடுங்குகிறது என்றால், அதைச் சொல்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று யோசியுங்கள். நானும் நீங்களும் போய்விடுவோம் என்றால் விமான நிலையம் வரை வந்து வழியனுப்புவார்கள்.

2 டிசம்பர் 2025

கத்ரு போர்னில் இரண்டு வீடு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், செல்வ வரி வந்தால் தம் நிலை என்ன ஆகும் என்று கலங்கிக் கேட்டிருக்கிறார். அண்ணா, பொருளியல் அறிஞர் கேப்ரியல் சுக்மன் 2024இல் ஜி20க்கு எழுதிய திட்டம் உலகம் முழுவதும் சுமார் 3,000 பேருக்கானது. 100 கோடி டாலருக்கு மேல் உள்ளவர்கள் ஆண்டுக்குச் செல்வத்தில் 2 விழுக்காடாவது வரியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பதே அது. ஏற்கெனவே அந்த அளவு கட்டுகிறவருக்குக் கூடுதல் எதுவும் இல்லை. அதிலிருந்து ஆண்டுக்கு 20,000 முதல் 25,000 கோடி டாலர் வரை வரும் என்று அவர் கணக்கிட்டார். உங்கள் இரண்டாவது வீட்டின் கூரை ஒழுகுவதைச் சரி செய்யுங்கள், சுக்மன் அங்கே வரமாட்டார்.

கணக்கு விளங்காதவர்களுக்கு: 100 கோடி ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 கோடி சேரும், 2 கோடி வரி போகும், 5 கோடி மிச்சம். வரி கட்டியும் செல்வம் வளர்கிறது. இதைத்தான் பறிமுதல் என்கிறார்கள்.

11 டிசம்பர் 2025

நேற்று வெளியான உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையைப் பற்றி ஒருவர் "60,000 பேரிடம் பாதி உலகம்" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 60,000க்கும் குறைவான பெரும் பணக்காரர்களின் செல்வம், உலக மக்களில் கீழ்ப்பாதியினர் அனைவரின் செல்வத்தைப் போல மூன்று மடங்கு. கீழ்ப்பாதியினரிடம் இருப்பதே மொத்தத்தில் 2 விழுக்காடுதான் என்பதால், மூன்று மடங்கு என்றால் 6 விழுக்காட்டை ஒட்டி வரும். மிகைப்படுத்தாதீர்கள். உண்மையே போதுமான அளவுக்கு மோசமாக இருக்கிறது, மிகைப்படுத்தினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பேசாமல் தப்பித்துவிடும்.

14 டிசம்பர் 2025

பல நாட்களாக எழுத நினைத்தது. எபேனைப் பற்றி எழுதியபின் "இது வெளிநாட்டார் பணம், நமக்கு என்ன நட்டம்" என்று சிலர் கேட்டார்கள். சரி, வெளிநாட்டார் பணத்தை ஒதுக்கிவிட்டு நம் மண்ணைப் பார்ப்போம்.

1810இல் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடித்தபோது, பிரெஞ்சுக் குடியேறிகளின் சொத்தும் சட்டமும் அப்படியே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்தபோது இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. இத்தீவின் 66,000 சொச்சம் மனிதர்களுக்காக உடைமையாளர்கள் பெற்றது 20 லட்சம் பவுனுக்கு மேல். பேரரசு முழுவதற்கும் ஒதுக்கிய 2 கோடி பவுனுக்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு 2015இல்தான் தீர்த்து முடித்தது. விடுதலை பெற்றவர்களோ சம்பளமின்றி 1839 வரை பழைய எசமானிடமே "பயிற்சியாளர்" என்ற பெயரில் கட்டுண்டு கிடந்தார்கள்.

அந்த இழப்பீட்டுப் பணம் சர்க்கரை ஆலைகளிலும் வங்கியிலும் இறங்கியது. ஆட்கள் தேவைப்பட்டபோது கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் நம்மவர்களை ஒப்பந்தத்தில் ஏற்றி வந்தார்கள், மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர். மாதச் சம்பளம் 5 ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயிசைக் கட்டிய தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் வேறு கதை, அதை இங்கே நுழைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் நெருக்கடியில் விழுந்தபோது ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். கல்லும் சரிவுமான அந்த நிலத்தைத்தான் நம் முன்னோர் வாங்கினார்கள். நடுநிலம் தோட்டங்களின் கையைவிட்டு அசையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006க்குப் பிறகு சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. சிறு விவசாயி கரும்பைக் கைவிட்டார். பெரிய தோட்டம் கைவிடவில்லை, உருமாறியது. 2002இல் தொடங்கிய ஒருங்கிணைந்த விடுதித் திட்டத்தில் வெளிநாட்டார் 5 லட்சம் டாலருக்குக் குறையாமல் கொடுத்து வில்லா வாங்கலாம், இங்கேயே குடியிருக்கலாம். 2015இல் அதன் இடத்தில் வேறு திட்டம் வந்தது. இப்போது 3,75,000 டாலருக்கு வாங்கினாலே வதிவிட உரிமை கிடைக்கிறது. கரும்பாக இருந்தபோது அர்ப்பான் (ஏக்கர் போன்ற நம் ஊர் அளவு) கணக்கில் விற்ற நிலம் வில்லாவாக மாறியபின் சதுர மீட்டர் கணக்கில் விற்கிறது. அந்த ஏற்றம் முழுவதும் யாருக்குப் போனது? உழைத்து வந்த ஏற்றமா அது? சாலையை அரசு போட்டது, வதிவிட உரிமையை அரசு கொடுத்தது. மூலதன இலாப வரி இல்லை, பரம்பரை வரி இல்லை, செல்வ வரி இல்லை.

ஜோசப் ஸ்டிக்லிட்சின் 41 விழுக்காட்டைத் வில்லாக்கள் எழுந்திருக்கும் தமாரினுக்குப் போகும் சாலையில் காரில் இருந்தபடியே பார்க்கலாம்.

15 டிசம்பர் 2025

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. என் தாயார் தோட்டத் தொழிலாளி. 2001இல் சர்க்கரைத் துறையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு தொகையும் 7 பெர்ஷ் நிலமும் கிடைத்தன. 7 பெர்ஷ் என்றால் 300 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நிலத்தில்தான் என் அண்ணன் வீடு நிற்கிறது. எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய காரியம், அம்மா இன்றும் அதை நன்றியோடுதான் சொல்வார்.

ஆனால் அதே ஏற்பாட்டில், ஓய்வுச் செலவை ஈடுகட்ட, நிலப் பயன்பாட்டை மாற்றி விற்கும் அனுமதி வரிச் சலுகையோடு தோட்டங்களுக்குக் கிடைத்தது. அம்மாவுக்கு 7 பெர்ஷ் கொடுத்த கை இழப்பில் கொடுக்கவில்லை. இதை நான் எபேனில் வேலைக்குச் சேர்ந்து கோப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகே விளங்கிக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "அவர்களுக்கு அவ்வளவு கிடைத்தது, நமக்கு இதாவது கிடைத்ததே" என்றார். அவர் சொன்னதற்கு எதிர்வாதம் என்னிடம் உண்டு, ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

22 டிசம்பர் 2025

நவம்பர் 28ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். எபேன் தொழிலைப் பாவத் தொழில் போல எழுதியிருக்கிறேன் என்று பழைய சக ஊழியர் ஒருவர் வருந்தினார். அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், அதை மறைக்கவில்லை. கரும்பு வெட்டியவரின் மகள் கணக்காய்வாளராக ஆனது இந்தத் தொழிலால்தான் என்பதும் மெய். நாம் கதவை மூடினால் பணம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகும், மூடியவன் மட்டும் ஏழையாவான். கறுப்புப் பணப் புழக்கத்தைத் தடுப்பதை உலக அளவில் கண்காணிக்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2020 பிப்ரவரியில் நம்மைச் சாம்பல் பட்டியலில் வைத்து 2021 அக்டோபரில் எடுத்தது. அந்த இடைவெளியில் அலுவலகத்தில் நிலவிய பதற்றம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே என் நிலைப்பாட்டை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஒரு தனித் தீவு நல்லவனாக இருந்து பயன் இல்லை. அதனால்தான் எல்லா நாடுகளும் சேர்ந்து போடும் குறைந்தபட்ச வரி தேவை. ஆனால் அது வரும் வரை நாம் வெறும் பார்வையாளர் என்று நடிப்பதை நான் ஏற்கவில்லை. உலகப் பெருஞ்செல்வரின் பிடியில் நாம் சிக்கியிருக்கிறோம் என்று புலம்பும் நாடுகளின் பட்டியலில் நம்மைச் சேர்க்க முடியாது. அவர்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவோர் பட்டியலில் சேர்க்கலாம். கூலியும் சிறியது.

5 ஜனவரி 2026

2025 ஜூன் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு முடிவுகள் ஒன்றாக வந்தன. ஆண்டு வருமானம் 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள தனிநபர்கள், அதற்கு மேற்பட்ட தொகையில் 15 விழுக்காட்டை "நியாயமான பங்களிப்பு" என்று கட்ட வேண்டும், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அடிப்படை முதியோர் ஓய்வூதியம் பெறும் வயது 60இலிருந்து படிப்படியாக 65 ஆகும், இதற்குக் காலவரையறை இல்லை. கட்டடத் தொழிலாளியின் ஐந்து ஆண்டுகள் நிரந்தரமாகப் போயின, செல்வரின் பங்களிப்பு மூன்று ஆண்டுகளில் முடியும். முதியோர் எண்ணிக்கை கூடுகிறது, கடன் கூடுகிறது என்ற அரசின் வாதம் பொய்யல்ல. இரண்டு சுமைகளையும் எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பங்களிப்பு வருமானத்தைப் பிடிக்கிறது, செல்வத்தை அல்ல. நிலம் வைத்திருக்கும் குடும்ப நிறுவனம் பங்காதாயத்தைக் குறைத்து நிலத்தின் மதிப்பை ஏறவிட்டால், பிடிபடுவது உயர்சம்பள மேலாளரே. முதலாளி பிடிபடமாட்டார். நம் தீவிலும் பங்கை விற்காமல் வைத்திருக்கும் அதே வித்தைதான்.

3 பிப்ரவரி 2026

காவடி முடிந்து கால் வலியோடு எழுதுகிறேன், சுருக்கமாக. "இதெல்லாம் கோடீசுவரர்களின் உலகம், நம் சமூகத்தில் இந்தச் சிக்கல் இல்லை" என்று பெல் ரோசில் இருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, நான் இருந்த ஒரு கோவில் குழுவில் (ஊர் வேண்டாம்), மாலைத் தமிழ் வகுப்புக்கு அறை கட்டுவதா, கார் நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்குவதா என்று பேச்சு வந்தது. பெரும்பாலோர் வகுப்பறை என்றார்கள். பெருந்தொகை கொடுப்பவர் கார் நிறுத்துமிடம் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை, யாரையும் மிரட்டவில்லை. "எதற்குக் கொடுப்பது என்று யோசித்துச் சொல்கிறேன்" என்றார், அவ்வளவுதான். கார் நிறுத்துமிடம் நன்றாக இருக்கிறது, நேற்றுமுன்தினம் நானும் அங்கேதான் நிறுத்தினேன். அவர் தாராள மனத்தவர், அதில் ஐயமில்லை. தேவை எது என்று முடிவு செய்யும் வேலை அவரிடம் போய்விட்டது என்பதே என் குறை. பெரும் அறக்கட்டளைகள் எந்த நோய்க்கு மருந்து தேட வேண்டும் என்று முடிவு செய்யும்போதும் இதுதான் நடக்கிறது.

8 பிப்ரவரி 2026

கடைசியாக, எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகனை ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் படிப்பு படிக்க வைத்து எபேனுக்கு அனுப்பலாமா என்று கேட்ட அக்காவுக்கு. அனுப்புங்கள், அக்கா. நான் இவ்வளவு எழுதியபிறகு இந்தப் பதில் முரணாகத் தோன்றலாம், ஆனால் உங்கள் மகன் வீட்டில் இருந்தால் எந்தச் செல்வரும் ஏழையாகப் போவதில்லை. முதல் ஆண்டு அவனுக்கு மினிட்ஸ் எழுதும் வேலைதான் கொடுப்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் உண்மையான பயனாளர் யார் என்ற விவரத்தைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது, ஐரோப்பாவிலும் 2022 நவம்பரில் நீதிமன்றம் பொதுப் பார்வையைத் தடுத்துவிட்டது. ஆனால் கோப்பைக் கையாளும் எழுத்தரால் பார்க்க முடியும். இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டிருப்பான் என்பதால் வெளியே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இருந்தாலும், வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது, நாட்டில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், அவனை எளிதில் நம்பவைக்க முடியாது.